யாழ்ப்பாணத்து வளவுகளுக்கு உகந்த மணச்செடிகள்: சண்டிலிப்பாயை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

வீட்டு வளவில் மணமுள்ள செடிகளை வைத்து வளர்க்க விரும்புவோர் முதலிற் கேட்கும் வினா, எந்தப் பூவுக்கு வாசனை அதிகம் என்பதே. வினா இயல்பானதுதான், ஆயினும் அதற்குக் கிடைக்கும் விடையை மாத்திரம் நம்பி, கன்று விற்கும் இடத்திற் கண்ணுக்கும் மூக்குக்கும் பிடித்தவற்றையெல்லாம் வாங்கிவந்து நட்ட தோட்டங்கள் இரண்டு கோடையைத் தாண்டுவதற்குள் வாடி ஒழிவதையும், அவற்றுக்கு நடுவே எவரும் கொண்டாடாத ஒரு பழைய பவளமல்லிகையோ மகிழோ ஆண்டுதோறும் தவறாமற் பூத்துக்கொண்டு நிற்பதையும் யாழ்ப்பாணத்து ஊர்களிற் பரக்கக் காண்கிறோம். இவ்வேறுபாட்டின் காரணத்தை ஆராய்வதும், வலிகாமத்தின் மேற்பாங்கிலே வயலும் வளவும் கோயிலும் சூழ அமைந்த சண்டிலிப்பாயை எடுத்துக்காட்டாகக் கொண்டு, ஒரு குடும்பம் எந்த மணச்செடியை எவ்விடத்தில் வைத்தல் தகும் என்று வரையறுப்பதும் இக்கட்டுரையின் நோக்கம். மணத்தின் மிகுதியைக் காட்டிலும் நிலத்தின் இயல்பும், கிணற்று நீரின் தன்மையும், பூக்கும் பருவத்தில் வீசும் காற்றின் திசையும், பூ மலரும் வேளையுமே தேர்வுக்கு முதற் பிரமாணங்கள் ஆகவேண்டும் என்பது நமது துணிபு.

நால்வகை நோக்கு

இவ்விஷயத்தில் நம்மவரிடையே வழங்கும் அபிப்பிராயங்களை நான்காக வகுக்கலாம். முதலாவது வழிபாட்டு நோக்கு. பூசைக்குரிய புஷ்பங்களையும் பத்திரங்களையும், அவற்றை எடுக்கும் முறையையும், விலக்க வேண்டியவற்றையும் வரையறுத்துச் சைவ மரபிலே தனி நூல்கள் எழுந்துள்ளன. 16ஆம் நூற்றாண்டினரான கமலை ஞானப்பிரகாசர் இயற்றிய புட்பவிதி அவற்றுள் ஒன்று. நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் 18ஆம் நூற்றாண்டில் அந்தாதி பாடிய கல்வளைப் பிள்ளையாரும், சீரணி நாகபூஷணி அம்மனும் கோயில் கொண்டிருக்கும் சண்டிலிப்பாயிலே, பூங்கன்று என்றதும் கோயிலுக்கும் சுவாமி அறைக்கும் கொடுக்கும் பூவே முதலில் நினைவுக்கு வருதல் வியப்பன்று. நாள்தோறும் பூ வேண்டும் என்ற நியதியினாற் செடி நாள்தோறும் கவனிப்புப் பெறுவது இந்நோக்கின் பலம். செவ்வரத்தை, அலரி, நந்தியாவட்டை என மணமற்றனவும் மணம் குறைந்தனவும் வளவின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்வதும், சுவாமிக்கு வைத்த பூவை முகர்தல் ஆகாது என்ற விதியினால் மணத்தைப்பற்றிய விசாரணையே எழாமற் போவதும் அதன் குறைகள்.

இரண்டாவது, பூவைச் சூடுவதற்காகவே வளர்க்கும் நோக்கு. மல்லிகை, முல்லை, பிச்சி ஆகிய மூன்றும் இதன் பிரதானப் பொருள்கள். மூன்றாவது, துளசி, கற்பூரவள்ளி, திருநீற்றுப்பச்சை முதலியவற்றை மருந்தாகக் கருதி வைக்கும் நோக்கு. இது மணத்தைத் தேடிச் செல்லாவிடினும், மணத்தை மிகுதியாகப் பெற்றுக்கொள்வது. நான்காவது புதுமை நோக்கு. 1821இல் தாபிக்கப்பெற்ற பேராதனைத் தாவரவியற் பூங்கா முதலிய இடங்களின் வழியாக இந்நாட்டிற் பரவிய அந்நியச் செடிகளின்மேல் எழுந்த ஆசை, மலைநாட்டிலும் ஈரவலயத்திலும் செழித்து நிற்பதைக் கண்டு அதனையே குடாநாட்டிலும் காண விரும்பும் ஆவலாக வளர்ந்தது. நான்கு நோக்குகளும் தத்தம் அளவில் நியாயமானவையே. ஆனால் நான்கும் பயனில் தொடங்குகின்றனவேயன்றி நிலத்தில் தொடங்கவில்லை. நிலப்பகுதிகளுக்கே குறிஞ்சி, முல்லை எனப் பூவின் பெயரிட்ட பண்டைத் தமிழர் பூவையும் நிலத்தையும் பிரித்து நினைத்தாரல்லர்; குறிஞ்சிப்பாட்டிலே 99 மலர்களைத் தொகுத்த கபிலரும் அவற்றை ஒரு மலைநிலத்துச் சூழலில் வைத்தே காட்டினார். அந்தப் பார்வையை மீட்டுக்கொள்வதே நமக்கு முதல் வேலை.

நிலமும் நீரும்

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கற் பாறையின்மேல் அமைந்தது. பாறைக்கு மேலுள்ள மண் சில வளவுகளிற் பல அடி ஆழமாகவும், சிலவற்றில் அலவாங்கு போட்டவுடன் கல்லில் இடிபடும்படி மெல்லியதாகவும் இருக்கிறது. மாரியில் மாத்திரம் நீரோடும் வழுக்கையாற்றை அடுத்த தாழ்ந்த புறங்களிலோ, மழைக்காலத்தில் வெள்ளம் தேங்கி நிற்கும். ஆகவே சண்டிலிப்பாய் என்ற ஒரே ஊருக்குள்ளேயே மேட்டு வளவுக்கும் வயலோர வளவுக்கும் தேர்வு வேறுபடும். மேட்டில் நிற்கும் மல்லிகை தாழ்வில் வேரழுகும். தாழ்வில் இடர்ப்படாத வெட்டிவேர் மேட்டில் நாள்தோறும் நீர் கேட்கும்.

சுண்ணாம்பின் காரணமாக மண்ணும் கிணற்று நீரும் காரத்தன்மை மிக்கவை. இதன் விளைவு பலருக்குத் தெரிந்ததே, காரணம் மாத்திரம் தெரிவதில்லை: கார்டினியாவை நட்ட சில மாதங்களில் அதன் இளந்தளிர்கள் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் மாறி, மொட்டுகள் விரியுமுன் உதிர்கின்றன. மண்ணில் இரும்புச்சத்து இல்லாமையால் நேர்வதன்று இது. இரும்பு இருந்தும், காரம் மிகுந்த மண்ணில் அது வேர் உறிஞ்சக்கூடிய வடிவில் இராமையால் நேர்வது. உரத்தை மேன்மேலும் கொட்டுவதால் இதற்குப் பரிகாரம் கிடையாது. கார்டினியாவைக் கைவிட மனமில்லாதவர் அதனைச் சாடியில், மக்கிய இலையும் எருவும் மிகுதியாகக் கலந்த மண்ணில் வைத்து, இயன்ற மட்டும் சேமித்த மழைநீரையே வார்த்துவருதல் வேண்டும். ஈரம் மாறாத, சற்றே புளிப்புள்ள ஆழ்ந்த மண்ணை விரும்பும் சண்பகமும் இவ்வகையிற் கவனத்துக்குரியது. ஆழமான செம்மண் உள்ள வளவிலே பெரிய குழி எடுத்து, ஆண்டுதோறும் குழை தாழ்த்தி வளர்க்க இயலுபவர் மாத்திரம் அதனை முயலலாம். கல்லுக்கு மேல் ஓரடி மண்ணே உள்ளவர் அந்த ஆசையைத் துறப்பதே விவேகம்.

நீரைப்பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். குடாநாட்டின் ஆண்டு மழையிற் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையிலான மாதங்களிலேயே பெய்துவிடுகிறது. அந்நீர் பாறை வெடிப்புகளினூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் தங்கிநிற்பதே நாம் ஆண்டு முழுவதும் அள்ளும் நன்னீர். அதனை மோட்டரினால் மட்டின்றி இறைத்தால் உவர் மேலேறும். செயற்கை உரத்தை மட்டின்றி இட்டால் அதன் நைத்திரேற்று அதே கிணற்றுக்குள் இறங்கும். ஆதலால், குடிக்கும் நீருக்குக் கேடு செய்து வளர்க்கும் பரிமளம் நமக்கு வேண்டியதில்லை என்ற கொள்கையோடு, கோடையில் எத்தனை கன்றுக்கு நீர் வார்க்க முடியும் என்பதை முதலிற் கணக்கிட்டு, அதற்கு மேற்படாமல் நடுதல் கடமை. கிணற்றடியிற் குளித்த நீர் ஓடும் வாய்க்காலை வாழைக்கு மாத்திரமன்றி மணச்செடிகளுக்கும் பகிர்ந்துவிடுவது நல்ல வழக்கம்.

பருவமும் காற்றும்

மணத்தைச் செடியிலிருந்து மனிதனிடம் கொண்டுவந்து சேர்ப்பது காற்று. தோட்டக்கலையைப்பற்றி எழுதுவோர் வெயிலையும் மண்ணையும் விரிவாகப் பேசிக் காற்றின் திசையை விட்டுவிடுவது வழக்கம். ஆனால் யாழ்ப்பாணத்தார்க்கு இது விட்டுவிடத்தக்கதன்று. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து சோளகம் வீசுகிறது. ஐப்பசிக்குப் பின் காற்றுத் திரும்பி, மார்கழி, தை மாதங்களில் வடகிழக்கிலிருந்து வாடை வீசுகிறது. திசை இவ்வளவு நிச்சயமாக மாறும் ஒரு நாட்டில், எந்தச் செடி எந்த மாதத்திற் பூக்கிறது என்பதை அறிந்தவர், அது வீட்டின் எப்பக்கத்தில் நிற்கவேண்டும் என்பதையும் அறிந்தவராவார்.

குண்டுமல்லிகை பங்குனியில் தொடங்கி ஆடி வரை மிகுதியாகப் பூப்பது. ஆகவே அது வீட்டின் தென்மேற்கில், ஆனால் முழு வெயில் படும் இடத்தில் நிற்றல் வேண்டும். சோளகம் கடுமையாக வீசும் பகலில் மணம் சிதறிப்போகும் என்பது உண்மை. எனினும் மல்லிகை மலர்வது அந்தியிலாதலாலும், காற்றும் இரவிலே தணிவதாலும், முகப்பில் ஒரு வேலியின் மறைப்பு இருந்தால் விறாந்தையில் அமர்ந்திருப்பவருக்கு அதன் மணம் முழுமையாக வந்து சேரும். ஆடி, ஆவணியில் தொடங்கிக் கார்த்திகை வரை பூக்கும் பிச்சி இரு காற்றுக்கும் இடைப்பட்டது. அதனை வீட்டின் முற்றத்துக்கு அருகிலேயே பந்தலிட்டு விடலாம். ஆவணிக்கும் மார்கழிக்கும் இடையிற் பூக்கும் பவளமல்லிகைக்கு உரிய இடம் வீட்டின் வடகிழக்கு. இவ்வாறு வைத்தால், ஏறத்தாழப் பத்து மாதங்களுக்கு வீட்டினுள் ஏதேனும் ஒரு பூவின் மணம் வந்துகொண்டிருக்கும். தை, மாசியில் ஏற்படும் இடைவெளியைத் தேசிப்பூ நிரப்பும்; சித்திரைப் புத்தாண்டை ஒட்டி வேம்பும் பூக்கும். வேப்பம்பூவின் மெல்லிய மணத்தை மணச்செடிகளின் கணக்கிற் சேர்க்காமல் விடுவது நமது கவனக்குறைவேயாகும்.

வேளைகளின் ஒழுங்கு

பூக்கள் யாவும் எந்நேரமும் மணப்பதில்லை. பகலிற் பறக்கும் தேனீயையும் வண்ணத்துப்பூச்சியையும் அழைக்கும் பூ நிறத்தைப் பெரிதும் நம்பியிருக்க, இருளில் வரும் அந்துப்பூச்சியை அழைக்கும் பூ வெண்மையையும் மணத்தையும் நம்பியிருக்கிறது. மல்லிகை, முல்லை, நிலச்சம்பங்கி, இரவுராணி, மரமல்லிகை ஆகிய அனைத்தும் வெண்மை சார்ந்தனவாயும் அந்தியின் பின் மணம் மிகுவனவாயும் இருப்பதன் காரணம் இதுவே. ஈழத்தலரி என்று நாம் வழங்கும் மரம் அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து வந்தது. அதன் பூவிலே தேன் இல்லாதிருந்தும், இரவிற் கமழும் மணத்தினால் மாத்திரம் அந்துப்பூச்சியை வரவழைத்து மகரந்தச் சேர்க்கையை முடித்துக்கொள்கிறது.

இந்த இயல்பை அறிந்தவர் தம் குடும்பத்தின் நாளொழுங்கைப் பார்த்துச் செடியைத் தெரிந்துகொள்வார். விடியற்காலையிற் பூப் பறித்துப் பூசை செய்யும் முதியோர் உள்ள வீட்டுக்கு, இரவில் விரிந்து விடியுமுன் தானே உதிரும் பவளமல்லிகை பொருத்தமானது. நிலத்தில் வீழ்ந்த பூவை விலக்கும் வழக்கினரும் அதற்கு விலக்களித்து எடுத்துச் சாத்துகின்றனர். கீழே பெருக்கிய தூய நிலமோ விரித்த துணியோ இருத்தல் போதும். பகல் முழுவதும் வேலைக்குச் சென்று மாலையில் வீடு திரும்புவோருக்கு மல்லிகையும் முல்லையும் நிலச்சம்பங்கியும் உகந்தவை. பகலில் வீட்டிலேயே இருப்போருக்குத் தேசியும் பன்னீர் ரோசாவும் துணை. மெக்சிக்கோவைத் தாயகமாகக் கொண்ட நிலச்சம்பங்கி கிழங்கினாற் பெருகுவது. ஒரு சிறு பாத்தியே அதற்குப் போதும். நீர் தேங்காத இடத்தில் வைத்தால் ஆண்டிற் பலமுறை கதிர்விடும். இரவுராணியை மாத்திரம் படுக்கையறைச் சன்னலை அடுத்து நடுதல் ஆகாது. அதன் மணம் தூரத்தில் இனிமையாகவும் அருகிலே தலைவலி தருவதாகவும் இருப்பது. இளைப்பு நோயுள்ளவர் இருக்கும் வீட்டில் அதனைத் தவிர்த்துவிடுதல் நன்று.

மல்லிகையின் பராமரிப்பு

மணச்செடிகளுள் முதலிடம் பெறுவது மல்லிகையாதலின் அதன் பராமரிப்பைச் சற்று விரிவாகக் கூறுவது தகும். நமக்கு நேரெதிரே கடலுக்கு அப்பால் இராமேசுவரத் தீவிலுள்ள தங்கச்சிமடம், இந்தியாவின் பல பாகங்களுக்கும் மல்லிகைக் கன்று அனுப்பும் ஊராகப் புகழ்பெற்றது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் தோட்டங்களுக்கும் கன்றுகள் அவ்வட்டாரத்திலிருந்து செல்கின்றன. கடலோரத்து மணற்பாங்கான நிலத்தில் வேர்கொண்ட இச்செடிக்கு யாழ்ப்பாணத்து மண் அந்நியமன்று. ஒன்றரை அடி நீள அகல ஆழமுள்ள குழியில் மக்கிய மாட்டெருவும் குழையும் இட்டு, மாரி தொடங்கியபின் பதியன் கன்றை நடலாம். செடியைப் பூக்கச் செய்யும் இரகசியம் கவாத்து. மல்லிகை புதிய தளிரிலேயே பூப்பதாதலால், மழை ஓயும் மார்கழிக் கடைசியிலோ தை முற்பகுதியிலோ, நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்கு விட்டு எஞ்சியதை வெட்டிவிடவேண்டும். வெட்ட மனம் வராமல் ஆண்டுக்கணக்காக வளரவிட்ட பந்தல் இலையால் நிறைந்து பூவாற் குறைவது இதனால்தான். கோடையில் மொட்டைத் துளைக்கும் புழு தோன்றினால், கெட்ட மொட்டுகளை நாள்தோறும் கிள்ளி அழிப்பது வீட்டளவிற்குப் போதிய பரிகாரம்.

நெடுங்காலம் நிற்பவை

கொடியும் செடியும் கையின் கவனிப்பை நம்பி வாழ்வன. மரம் வேர்பிடித்தபின் தானே வாழ்வது. இவ்வேறுபாட்டை நம் மக்கள் துயரத்தினால் அறிந்தவர்கள். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்து, அடுத்த ஆண்டு சித்திரையின் பின்னரே மக்கள் திரும்பத் தொடங்கிய காலத்தில், நீர் வார்ப்பார் எவருமின்றி வளவுகள் கிடந்தன. இன்றோ பிள்ளைகள் கடல்கடந்து வாழ, முதியோர் ஒருவரோ இருவரோ பெரிய வளவைக் காத்து இருக்கும் வீடுகள் ஊர்தோறும் உள. இத்தகைய வீடுகளுக்கு மணம் தரும் மரங்களே உற்ற துணை.

அவற்றுள் முதல் மதிப்புக்குரியது மகிழ். என்றும் பசிய அடர்ந்த நிழலும், வறட்சியைத் தாங்கும் ஆற்றலும், உலர்ந்த பின்னும் நெடுநாள் அகலாத மணமும் ஒருங்கே பெற்ற வேறு மரம் நம்மிடையே இல்லை. மெதுவாக வளர்வது ஒன்றே அதன் குறையாகச் சொல்லப்படுவது. பேரப்பிள்ளைக்காக மரம் நடும் நாட்டில் அதனைக் குறையென்று கொள்ளவேண்டியதில்லை. கடற்காற்றையும் சிறிது உவரையும் பொறுக்கும் புன்னை, பெரிய வளவின் எல்லைக்கு ஏற்றது. ஈழத்தலரி தடி வைத்து எளிதில் உண்டாக்கத்தக்கது. நீர் மிகுந்தால் அழுகுமேயன்றிக் குறைந்தால் வாடாது. மரமல்லிகை உயரமாக வளர்ந்து கடுங்காற்றில் முறியும் இயல்புடையதாதலால் கூரைக்கு அருகில் அது வேண்டாம். தாழையோ நீர்க்கரைக்கு உரியது. ஆண் மரத்தின் பூவே மணப்பது. முள்ளடர்ந்து பரந்து வளர்வதாலும், சிவபூசைக்கு விலக்கப்பட்டதாலும் வீட்டு வளவில் அதற்கு இடம் தேடவேண்டியதில்லை.

இலையின் மணமும் வேரின் மணமும்

பூ சில நாளுக்கு உரியது. இலை ஆண்டு முழுவதற்கும் உரியது. துளசி, திருநீற்றுப்பச்சை, மரு, கறிவேப்பிலை, சேரை ஆகியவற்றின் மணம் இலையிலுள்ள நுண்ணிய எண்ணெய்ப் பைகளில் அடங்கியிருந்து, தொட்டாலும் கசக்கினாலும் வெளிப்படுவது. ஆதலால் இவற்றை வேலியோரத்திலே தள்ளி வைப்பது பயனற்றது. படலையிலிருந்து வாசலுக்கு வரும் பாதையின் இருமருங்கிலும், நடப்பவரின் உடை உரசும்படி வைத்தால், விருந்தினரை வரவேற்கும் மணம் அதுவே ஆகும். கண்பார்வை குன்றிய முதியோருக்கு இத்தகைய பாதை ஓர் உபகாரம். ரம்பையும் வெட்டிவேரும் ஈரத்தை விரும்புவனவாதலால் கிணற்றடி வாய்க்காலை அவற்றுக்கு விடலாம். வெட்டிவேர் வாய்க்கால் வரம்பை இறுக்கிப்பிடிப்பதோடு, தோண்டி எடுத்த வேர் மண்பானை நீருக்கும் தட்டிக்கும் மணமூட்டும்.

அச்சங்களும் எச்சரிக்கைகளும்

மல்லிகைப் பந்தலுக்கும் தாழைக்கும் இரவுராணிக்கும் மணத்தை நாடிப் பாம்பு வரும் என்ற நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியது. நாகத்தைத் தெய்வமாகப் போற்றும் சீரணியிலும் புடையனுக்கு அஞ்சாதார் இலர்; ஆகவே இதனை இலேசாகத் தள்ளிவிடுதல் முறையன்று. பாம்பு தேடுவது பூவின் மணத்தையன்று. தவளையையும் எலியையும், ஒளிந்திருக்கக் குளிர்ந்த மறைவையுமே அது தேடுகிறது. இரவில் மலரும் பூவுக்கு வரும் பூச்சிகளை நாடித் தவளையும், தவளையை நாடிப் பாம்பும் வருதல் கூடும். எனவே நம்பிக்கையில் உண்மையின் ஒரு பகுதி உண்டு. பரிகாரம் செடியை ஒழிப்பதன்று, அடிப்புறத்தைத் துப்புரவாக வைத்திருப்பது. கொடியின் நிலத்தைத் தொடும் கீழ்க்கிளைகளை நீக்கி, சருகையும் கற்குவியலையும் அகற்றி, இரவில் வெளிச்சமின்றி அங்கே செல்லாதிருந்தால் அச்சத்துக்கு இடமில்லை.

உண்மையாக அஞ்சவேண்டியவை வேறு. அலரியும் மஞ்சள் அலரியும் உடலெங்கும் நஞ்சுள்ளவை. மஞ்சள் அலரியின் வித்து இருதயத்தைத் தாக்கி உயிரையே போக்கவல்லது. பூசைக்குப் பூத்தரும் என்ற ஒரு நன்மைக்காகச் சிறுவர் உள்ள வீட்டில் அதனை வைத்திருத்தல் ஏற்புடையதன்று. அதன் இடத்தில் நந்தியாவட்டையையும் பவளமல்லிகையையும் வைத்துக் கோயிலுக்குக் கொடுக்கலாம். பூச்சாடிகளின் கீழ்த்தட்டில் மாரிகாலத்து நீர் தேங்கி டெங்கு நுளம்பு பெருகுவதையும் மறத்தல் ஆகாது. தட்டுகளை நீக்கிவிடுவதே நேரிய வழி.

முடிபு

இதுவரை கூறியவற்றைத் திரட்டி, வீடும் கிணறும் போக இரண்டு பரப்பு நிலம் மிஞ்சும் ஒரு வளவுக்கு ஒழுங்கு செய்தால் அது இவ்வாறு அமையும்: தென்மேற்கில் மூன்று மல்லிகை, முற்றத்தையடுத்து ஒரு பிச்சிப் பந்தல், வடகிழக்கில் ஒரு பவளமல்லிகை, படலையருகே, கூரைக்கும் மதிலுக்கும் விலகி, ஒரு மகிழ், விறாந்தையின் முன் ஒரு பாத்தி நிலச்சம்பங்கி, நடைபாதையில் துளசியும் திருநீற்றுப்பச்சையும் மருவும், கிணற்றடியில் ரம்பையும் வெட்டிவேரும் ஒரு தேசியும். இப்பதினொரு வகைக்கு மேல் வேண்டியதில்லை. மாரியில் நீர் தேங்கும் வளவினர் மல்லிகைக்கு மண் அணைத்து மேடாக்கிக்கொள்க. முதியோர் தனித்திருக்கும் வீட்டினர் பந்தலை விடுத்து ஈழத்தலரியை வைத்துக்கொள்க. நிலமே இல்லாதவர் சாடியில் ஒரு குண்டுமல்லிகையும் ஒரு துளசியும் வைத்தாலும் இவ்வொழுங்கின் பயனிற் பாதியைப் பெறுவர்.

உயிர்வேலிகள் அகன்று மதில்கள் எழுந்துவரும் இக்காலத்தில், கிளுவைக்கும் பூவரசுக்கும் இடையே கைநீட்டிக் கன்றும் தடியும் பரிமாறிக்கொண்ட பழைய வழக்கமும் குறைந்துவருகிறது. நம் நிலத்துக்கும் நீருக்கும் பல தலைமுறையாகப் பழகிய செடிகளின் வழித்தோன்றல்கள் அவ்வழக்கத்தினாலேயே நமக்குக் கிடைத்தன. வெளியிலிருந்து வாங்கிய கன்று அவற்றுக்கு ஈடாகும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆகவே ஊர்க் கோயில்கள் தம் நந்தவனங்களில் மல்லிகை, பிச்சி, பவளமல்லிகை, மகிழ் ஆகியவற்றின் நல்ல தாய்ச்செடிகளைப் பேணி, ஆண்டுதோறும் மாரி தொடங்கும்போது பதியன்களை அடியாருக்கு வழங்கலாம். பாடசாலைகள் எந்தப் பூ எந்த மாதத்தில் எந்த வேளையில் மலர்கிறது என்ற குறிப்பை மாணவரைக்கொண்டு எழுதுவிக்கலாம். ஓர் ஊரின் மணத்தைக் காக்கும் பொறுப்பு ஒரு வீட்டார்க்கு மாத்திரம் உரியதன்று. கிணற்றைப்போல் அதுவும் எல்லோரும் அளவறிந்து பேணினாலன்றி நிலைக்காது என்ற உணர்வோடு, இவ்வருடத்து ஐப்பசி மழைக்கு முன்னரே குழி எடுத்து எருவிட்டு ஆயத்தமாதல் நம் ஒவ்வொருவர்க்கும் கடன்.